மலை மறைத்த படம்

1940களின் பிற்பகுதியில் அமெரிக்க வானொலி நிலையத்தாரின் மாநாடு ஒன்று சிகாகோ நகரில் நடந்தது. மேற்குக் கரையோரச் சிற்றூரான அஸ்டோரியாவிலிருந்து எட் பார்சன்ஸும் அவர் மனைவி கிரேஸும் அதற்குப் போயிருந்தார்கள். எட் தன் ஊரில் கே.ஏ.எஸ்.டி. என்ற சிறிய வானொலி நிலையத்தை நடத்தி வந்தவர். மாநாட்டில் தொலைக்காட்சிப் பெட்டியைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். கிரேஸ் பார்த்தார். வானொலி படத்தோடு வருகிறதென்றால் அது நம் வீட்டுக்கும் வேண்டும் என்று கணவரிடம் சொன்னார்.

பெட்டியை விலைக்கு வாங்கிவிடலாம். படத்தை எங்கே வாங்குவது? அப்போது ஓரிகன் மாநிலம் முழுவதிலும் தொலைக்காட்சி நிலையம் ஒன்றுகூடக் கிடையாது. பக்கத்து மாநிலமான வாஷிங்டனில், சியாட்டில் நகரில் கே.ஆர்.எஸ்.சி. என்ற நிலையம் 5ஆம் சேனலில் ஒளிபரப்பைத் தொடங்கப்போகிறது என்று செய்தி வந்தது. ஆனால் சியாட்டிலுக்கும் அஸ்டோரியாவுக்கும் நேர்க்கோட்டில் அளந்தாலே 200 கிலோமீட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு. நடுவில் காடு போர்த்திய மலைகள். அஸ்டோரியாவோ கொலம்பியா ஆறு பசிபிக் கடலில் விழும் முகத்துவாரத்தில், குன்றுச் சரிவில் அமைந்த ஊர். சால்மன் மீனை டப்பாவில் அடைக்கும் ஆலைகளும் மர அறுவை ஆலைகளும்தான் அந்த ஊரின் பிழைப்பு. பெருநகரத்து ஒளிபரப்பாளர் யாரும் அந்த ஊரை மனத்தில் வைத்துக் கோபுரம் எழுப்பவில்லை.

எட்டின் வானொலி குன்றுகளைத் தாண்டிக் கேட்டது. சியாட்டிலின் படம் மட்டும் ஏன் வராது? இந்தக் கேள்விக்குள் நல்ல இயற்பியல் இருக்கிறது.

மத்திய அலை வானொலியின் அலைநீளம் ஏறத்தாழ 200 மீட்டரிலிருந்து 550 மீட்டர் வரை. அவ்வளவு நீண்ட அலை தரையை ஒட்டியே ஊர்ந்து போகும். சிறு குன்றெல்லாம் அதற்குப் பொருட்டல்ல. ஆனால் அந்த அலைவரிசைக்குள் படத்தை அடைக்க முடியாது. ஒலிக்கு 10 கிலோஹெர்ட்ஸ் அகலம் போதும். அசையும் படமும் ஒலியும் சேர்ந்த ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சிச் சேனலுக்கு 6 மெகாஹெர்ட்ஸ் வேண்டும். அதாவது 600 மடங்கு. மத்திய அலைவரிசை முழுவதையும், அதிலுள்ள எல்லா நிலையங்களையும் துரத்திவிட்டுக் காலி செய்து கொடுத்தாலும், ஒரு தொலைக்காட்சிச் சேனலில் ஐந்தில் ஒரு பங்குதான் அதில் அடங்கும். ஆகவே தொலைக்காட்சி அதிர்வெண்ணில் வெகுதூரம் மேலே ஏறவேண்டியிருந்தது. 5ஆம் சேனலுக்கு ஒதுக்கப்பட்ட இடம் 76 முதல் 82 மெகாஹெர்ட்ஸ். அங்கே அலைநீளம் நான்கு மீட்டருக்கும் குறைவு. இவ்வளவு குட்டையான அலை ஏறக்குறைய ஒளியைப் போலவே நேராகப் போகும். பூமி வளைந்து கீழே இறங்க, அலை மேலே விண்வெளிக்குப் போய்விடும்.

எவ்வளவு தூரத்தில் அது நம்மை விட்டுப் போகும் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. கோபுரத்தின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால், அந்தக் கோபுரத்தின் வானொலித் தொடுவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். காற்று மண்டலம் அலையைச் சற்றே கீழ்நோக்கி வளைத்துக் கொடுக்கும் உதவியும் இந்த எண்ணுக்குள் அடங்கிவிட்டது. 150 மீட்டர் கோபுரத்துக்கு 50 கிலோமீட்டர். தரைமட்டத்தில் நிற்கும் ஆன்டெனாவுக்கு 200 கிலோமீட்டர் தூரம் நேராக எட்ட வேண்டுமானால், இடையில் மலையே இல்லாத சமவெளியில்கூட, இரண்டேகால் கிலோமீட்டருக்கு மேல் உயர்ந்த கோபுரம் வேண்டும். சியாட்டிலில் அப்படியொன்றும் இல்லை. காகிதக் கணக்குப்படி கிரேஸுக்குப் படம் தெரிய வழியே கிடையாது.

ஆனால் அலை காகிதக் கணக்கோடு நிற்பதில்லை. மதில் சுவருக்கு அந்தப் பக்கம் பேசுபவரின் முகம் தெரியாது, குரல் மட்டும் கேட்கும். ஒலி சுவரின் விளிம்பில் வளைந்து இறங்கி வருகிறது. வானொலி அலையும் மலை முகட்டில் மோதும்போது அப்படித்தான். முகட்டைத் தொடும் ஒவ்வொரு புள்ளியும் புதிதாக ஓர் அலையை எழுப்பும் மூலமாகிறது. 17ஆம் நூற்றாண்டிலேயே ஹைகன்ஸ் என்ற டச்சு அறிஞர் ஒளியைப் பற்றிச் சொன்ன விஷயம் இது. மலையின் நிழல் முழு இருட்டு அல்ல. முகட்டிலிருந்து மெல்லிய கசிவு ஒன்று பள்ளத்தில் இறங்கிக்கொண்டேயிருக்கும். அலைநீளம் கூடக்கூட வளைவும் கூடும். அந்த வகையில், தாழ்ந்த அதிர்வெண் கொண்ட 5ஆம் சேனல் அஸ்டோரியாவுக்கு நல்ல வாய்ப்புதான்.

இந்தக் கசிவில் ஒரு சிக்கலும் உண்டு. ஒரே நிழலுக்குள் பல முகடுகளிலிருந்து பல வழிகளில் அலைகள் வந்து சேரும். ஓர் அலையின் மேடும் இன்னோர் அலையின் மேடும் சேருமிடத்தில் சைகை வலுக்கும். மேடும் பள்ளமும் சேருமிடத்தில் ஒன்றையொன்று அழித்துவிடும். நான்கு மீட்டர் அலையில் இந்த ஏற்றத்தாழ்வு சில மீட்டருக்குள்ளேயே நடந்துவிடலாம். ஒரு கூரையின் இந்த மூலையில் படம் வரும், அந்த மூலையில் ஒன்றும் வராது. எட் அளவுக் கருவியோடு காரிலும் சிறு விமானத்திலும் ஊரைச் சுற்றித் தேடியபோது கண்டது இதைத்தான்: சைகை ஊர் மேல் சீராகப் பரவவில்லை, விரல் விரலாக நீண்டு அங்கங்கே தொட்டுக்கொண்டிருந்தது. அதில் நல்லதொரு விரல் விழுந்த இடம் ஜான் ஜேக்கப் ஆஸ்டர் ஹோட்டலின் மொட்டை மாடி. எட்டு மாடிக் கட்டடம், ஊரிலேயே உயரமானது. பார்சன்ஸ் தம்பதி குடியிருந்த வீடு அதற்கு எதிர்ப்புறம்.

எட் ஹோட்டல் மாடியில் ஆன்டெனாவைத் திருப்புவார். தெருவுக்கு மேலாகக் கேபிளை இழுத்து வீட்டுக்குள் விட்டிருந்தார்கள். வீட்டில் பெட்டியின் முன்னால் கிரேஸ். படம் வருகிறதா, போகிறதா, இப்போது நன்றாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது அவர் பொறுப்பு.

நம் ஊரில் ஒரு தலைமுறையே இந்த வேலையைச் செய்திருக்கிறது. மாடியில் அப்பா ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு "தெரியுதா?" என்று கத்துவார். கீழேயிருந்து "புள்ளி புள்ளியாத்தான் வருது, இன்னும் கொஞ்சம் திருப்புங்க" என்று பதில் போகும். இதை வெறும் எடுபிடி வேலை என்று நினைத்துவிடக் கூடாது. திரைமுன் அமர்ந்திருப்பவரின் கண், அந்த அமைப்பிலேயே மிக நுட்பமான கருவி. சைகையின் வலிமையை மீட்டர் காட்டும்; படத்தின் தரத்தை அது காட்டாது. ஒரே படம் இரண்டு வழிகளில் வரும்போது, சுற்றி வரும் அலை 300 மீட்டர் கூடுதலாகப் பயணம் செய்தால் ஒரு மைக்ரோ வினாடி தாமதமாகும். அன்றைய அமெரிக்கப் படத்தில் வினாடிக்கு 15,750 கோடுகள் வரையப்பட்டன. ஒரு கோட்டுக்கு 63.5 மைக்ரோ வினாடி. ஆகவே ஒரு மைக்ரோ வினாடித் தாமதம், 20 சென்டிமீட்டர் அகலத் திரையில் ஏறத்தாழ நான்கு மில்லிமீட்டர் தள்ளி, ஆளுக்குப் பக்கத்தில் அதே ஆளின் மங்கலான இரட்டை ஒன்றை வரைந்துவிடும். மீட்டருக்கு இரண்டும் சைகைதான். கண் மட்டும்தான் ஒன்று படம், மற்றது பேய் உரு என்று பிரிக்கும்.

இன்னொன்றும் உண்டு. திரையில் துள்ளும் புள்ளிகள் வினாடிக்கு முப்பது தடவை இடம் மாறுகின்றன. அவற்றில் ஒழுங்கு கிடையாது. படமோ ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே இடத்தில் விழுகிறது. அடுத்தடுத்து வரும் சட்டங்களை மூளை தன்னையறியாமல் கூட்டிச் சராசரி எடுக்கிறது. இரைச்சல் கழிகிறது, உருவம் நிற்கிறது. இரைச்சலுக்குள் அமிழ்ந்து கிடக்கும் ஒரு மனித முகத்தை முதலில் பிடிப்பது எப்போதும் கண்தான். 600 மடங்கு அகலமான சேனல் 600 மடங்கு இரைச்சலையும் உள்ளே விடும் என்பதால், அஸ்டோரியாவில் வந்த படம் அப்படி அமிழ்ந்த படமாகத்தான் இருந்திருக்க முடியும். கிரேஸ் பார்த்தது அதைத்தான். கேபிள் தொலைக்காட்சியின் வரலாற்றில் எட்டின் பெயர் கண்டுபிடிப்பாளராக இடம்பெறுகிறது. கிரேஸ் ஆசைப்பட்ட மனைவியாக ஒரு வரியில் வந்துபோகிறார். அந்த வரவேற்பு அமைப்பு இரண்டு பேரால் ஆனது. ஒருவரை எடுத்துவிட்டால் அது இயங்காது என்றே நான் சொல்வேன்.

1948 நவம்பர் 25, நன்றி நவிலும் திருநாள். சியாட்டில் நிலையம் தன் முதல் ஒளிபரப்பாக, மழையில் நடந்த உயர்நிலைப் பள்ளிகளின் கால்பந்துப் போட்டியை அனுப்பியது. அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் நடந்த முதல் தொலைக்காட்சி ஒளிபரப்பு அது. அன்றே அஸ்டோரியாவை அது எட்டியது என்று ஊரின் காக்ஸ்கோம்ப் குன்றில் நினைவுக்கல் வைத்திருக்கிறார்கள்.

செய்தி பரவியது. முதலில் நண்பர்கள் வந்தார்கள். பிறகு நண்பர்களின் நண்பர்கள், பிறகு யாரென்றே தெரியாதவர்கள். போர்ட்லாண்டிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வண்டியோட்டி வந்து கதவைத் தட்டுபவர்களை எப்படித் திருப்பி அனுப்புவது? தம்பதிக்குத் தங்கள் வீடு தங்களுடையதாக இல்லாமல் போனது. தொலைக்காட்சி வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த கட்டம் இதுதான். கேபிள் தொழில் என்ற பெருந்தொழிலின் முதல் அடி, லாபத்துக்காக எடுத்து வைக்கப்பட்டதல்ல. வீட்டில் கொஞ்சம் நிம்மதி வேண்டுமே என்று வைத்த அடி.

எட் கூட்டத்தை வேறிடத்துக்கு நகர்த்தப் பார்த்தார். ஹோட்டலின் லிஃப்ட் குழி வழியாகக் கேபிளைக் கீழே இறக்கி, வரவேற்பறையில் ஒரு பெட்டியை வைத்தார். கூட்டம் அங்கே நிறைந்தது. அறை எடுக்க வந்தவர்களால் உள்ளே நுழைய முடியவில்லை என்று ஹோட்டல்காரர் முறையிட்டார். அடுத்து, அருகிலிருந்த இசைக்கருவிக் கடைக்குக் கேபிள் போனது. கடையின் கண்ணாடிக்குப் பின்னால் பெட்டி. இப்போது தெருவே அடைபட்டது, போலீசார் வந்தார்கள். படத்தை ஓரிடத்தில் வைத்து ஊரை அங்கே வரவழைப்பதால்தானே இந்தத் தொல்லை, ஊரின் வீடுகளுக்கே படத்தை அனுப்பிவிட்டால் என்ன என்ற எண்ணம் அப்படித்தான் செயலுக்கு வந்தது. 1949இல் அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கேபிள் இழுக்கத் தொடங்கினார். இணைப்புக்கு 125 டாலர், மாதம் 3 டாலர்.

அந்தக் கேபிளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதிசயம் அதற்குள்ளும் இருக்கிறது. நடுவில் ஒரு செம்புக் கம்பி, அதைச் சுற்றி மின்காப்புப் பொருள், அதற்கு மேல் உள்ளே இருப்பதை முழுவதுமாக மூடும் உலோக வலை. ஓரச்சு வடம் என்று பாடப்புத்தகம் சொல்லும். கோஆக்சியல் என்று கேபிள்காரர்கள் சொல்வார்கள். சைகையின் ஆற்றல் பெரும்பாலும் கம்பியின் உலோகத்துக்குள் ஓடுவதில்லை. கம்பிக்கும் வலைக்கும் இடைப்பட்ட இடத்தில், மின்புலமும் காந்தப்புலமுமாக ஓடுகிறது. வெளியே இருக்கும் அலை உள்ளே வராது, உள்ளே இருப்பது வெளியே கசியாது. வெளியில் மலைகளாலும் வளைவாலும் சிதறிப்போன வானத்தின் ஒரு துண்டை விரல் தடிமனுள்ள குழாய்க்குள் பத்திரமாக வைத்துத் தெரு முனையில் திருப்பலாம், சுவரைத் துளைத்துச் செருகலாம். பிரிட்டனின் ஆலிவர் ஹெவிசைடு 1880இலேயே இந்த அமைப்பை எண்ணிப் பார்த்தார். பெல் நிறுவனப் பொறியாளர்கள் லாயிட் எஸ்பென்ஷீட், ஹெர்மன் அஃபெல் இருவரும் 1929இல் அகன்ற அலைவரிசைகளைச் சுமக்கும் வடமாக அதற்குக் காப்புரிமை கேட்டார்கள். இரண்டாம் உலகப்போர் ராடார்களுக்காக அதை ஏராளமாக உற்பத்தி செய்தது. போர் முடிந்தபின் மிஞ்சியது சந்தைக்கு வந்தது.

குறையும் உண்டு. அன்றைய மெல்லிய கேபிளில் 5ஆம் சேனலின் ஆற்றல் நூறு மீட்டருக்குள் ஏறத்தாழப் பத்தில் ஒன்றாகக் குறையும். முந்நூறு மீட்டரில் ஆயிரத்தில் ஒன்று. ஆகவே வழியில் ஆம்ப்ளிஃபயர் வைத்து மீண்டும் மீண்டும் பெருக்க வேண்டும். ஒவ்வோர் ஆம்ப்ளிஃபயரும் தன் பங்குக்குக் கொஞ்சம் இரைச்சலைச் சேர்க்கும். அடுத்தது அதையும் சேர்த்துப் பெருக்கும். அதிர்வெண் குறைந்தால் இழப்பும் குறையும் என்பதால், அக்கால ஆபரேட்டர்கள் உயர்ந்த சேனலைத் தாழ்ந்த சேனலுக்கு மாற்றிக் கேபிளில் அனுப்பினார்கள். வெற்றிடக் குழாய்கள் சூடாகி, மழையில் நனைந்து, மின்கம்பத்தின் மேலேயே செத்துப்போகும். கேபிள்காரர் கம்பம் ஏறுவது அன்றே தொடங்கிவிட்டது.

இதே ஆண்டுகளில் நாட்டின் மறுகோடியில் இன்னொரு தம்பதி. பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்க ஊரான மஹனாய் சிட்டியில் ஜான் வால்சனும் மார்கரெட் வால்சனும் சர்வீஸ் எலெக்ட்ரிக் என்ற மின்சாதனக் கடையை நடத்தினார்கள். விற்பனைக்கு வாங்கி வைத்த தொலைக்காட்சிப் பெட்டி பள்ளத்தாக்கிலிருந்த கடையில் ஒன்றையும் காட்டவில்லை. ஃபிலடெல்ஃபியாவின் அலைகளை மலை மறைத்தது. ஜான் அருகிலிருந்த நியூ பாஸ்டன் மலையில் ஆன்டெனாவை நட்டு, முதலில் வாங்க வருபவர்களை மலைக்கே கூட்டிப்போய்ப் படம் காட்டினார். பிறகு மலையிலிருந்து கடைக்குக் கம்பி இழுத்தார். மின்சார நிறுவனத்தில் கம்பங்களில் வேலை பார்த்தவர் என்பதால் அவருக்கு அது கை பழகிய தொழில். வழியிலிருந்த வீடுகளும் இணைப்புக் கேட்டன. இணைப்புக்கு 100 டாலர், மாதம் 2 டாலர். இதெல்லாம் 1948 ஜூன் மாதத்திலேயே நடந்தது என்பது வால்சனின் கூற்று; கடையின் பதிவேடுகள் பின்னால் தீயில் எரிந்துபோயின. அவரை முதலாமவராக ஏற்பவர்கள் உண்டு, பார்சன்ஸை ஏற்பவர்களும் உண்டு. ஆர்கன்சாஸின் டக்கர்மன் என்ற சிற்றூரில் ஜிம்மி டேவிட்சனும் அதே 1948இல் மெம்ஃபிஸ் நகரத்துப் படத்தைப் பிடித்துக் காட்டினார். ஒன்றையொன்று அறியாத மூன்று ஊர்களில், ஒரே ஆண்டில், ஒரே விடை. எனக்கு யார் முதல் என்பதைவிட இதுதான் வியப்பு.

விடை ஒன்றாக இருந்ததற்குக் காரணம், தடை ஒன்றாக இருந்தது: நிலையம் தொலைவில், பெருநகரில். அந்தத் தடை நீடிக்கவும் ஒரு காரணம் வந்தது. 1948 செப்டம்பர் 30 அன்று அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் புதிய தொலைக்காட்சி உரிமங்களை நிறுத்தி வைத்தது. நிலையங்கள் ஒன்றோடொன்று மோதாமல் சேனல்களை எப்படிப் பங்கிடுவது என்று ஆராய்வதற்கான இடைநிறுத்தம். 1952 ஏப்ரல் வரை அது நீடித்தது. நாடு முழுவதற்கும் நூற்றுச் சொச்சம் நிலையங்கள்தான். நகரங்களில் பெட்டிகள் பெருகின, மலையூர்கள் காத்திருந்தன. அந்த மூன்றரை ஆண்டுகளில்தான் கேபிள் வேர்விட்டது. பென்சில்வேனியாவின் லான்ஸ்ஃபோர்டு ஊரில் ராபர்ட் டார்ல்டன் 1950இல் தொடங்கிய அமைப்பு, ஜெரால்டு என்ற நிறுவனத்தைக் கேபிளுக்கென்றே கருவிகள் செய்யும் பக்கம் திருப்பியது. அதன் அதிபர் மில்டன் ஷாப் பின்னால் அந்த மாநிலத்துக்கே ஆளுநர் ஆனார். 1952இல் நாடெங்கும் 70 கேபிள் அமைப்புகள், 14,000 இணைப்புகள்.

ஆணையத்துக்கு இது என்னவென்றே புரியவில்லை. எட் பார்சன்ஸுக்குக் கடிதம் எழுதி விளக்கம் கேட்டது. அவர் ஒளிபரப்புச் செய்யவில்லை. காற்றில் எதையும் அனுப்பவில்லை. வந்ததைப் பிடித்துக் கம்பியில் விட்டார். இது வானொலியா, தொலைபேசியா, இரண்டும் இல்லையா? ஆணையத்தின் வழக்கறிஞர் ஒருவர் ஆராய்ந்து, ஒழுங்குபடுத்த வழியிருக்கிறது என்று குறிப்பு எழுதினார். ஆனாலும் ஆணையம் அப்போதைக்குக் கைவைக்கவில்லை. அந்தச் சும்மா இருத்தலில்தான் சிற்றூர்களின் கேபிள் பிழைத்தது.

தமிழ்நாட்டின் தென்கரை இதே இயற்பியலை இன்னொரு முகத்தில் பார்த்திருக்கிறது. 1982இல் இலங்கையில் ரூபவாஹினி தொலைக்காட்சி தொடங்கியபின், சென்னைத் தொலைக்காட்சி எட்டாத கரையோர ஊர்களில் உயரமான குழாய்களில் ஆன்டெனா கட்டி அதைப் பிடித்தார்கள். கோபுரத்துக்குப் பதில் இலங்கையின் மிக உயர்ந்த சிகரத்தையே வைத்துக்கொள்வோம்: பிதுருதாலகல, 2,524 மீட்டர். முன்சொன்ன கணக்கைப் போட்டால் அதன் தொடுவானம் சுமார் 207 கிலோமீட்டர்; இருபது மீட்டர்க் குழாய் இன்னும் 18 கிலோமீட்டரைக் கூட்டும். ராமேசுவரமோ அங்கிருந்து 300 கிலோமீட்டர். கணக்கு மறுபடியும் இல்லை என்கிறது, படம் மறுபடியும் வந்தது. இங்கே உதவியது மலை விளிம்பு அல்ல, கடல். குளிர்ந்த ஈரக்காற்று நீரை ஒட்டிக் கிடக்க, அதன் மேல் வெப்பமான உலர்காற்று படியும் நேரங்களில், இரண்டுக்கும் இடையில் அலை சிக்கிக்கொண்டு பூமியின் வளைவோடு சேர்ந்தே பயணம் செய்யும். காற்று மாறினால் படமும் போய்விடும்.

எட் பார்சன்ஸ் மற்ற ஊர்களுக்கும் கேபிள் அமைக்க வழிகாட்டினார், ஆனால் அந்தத் தொழிலில் பெரும் பணக்காரர் ஆகவில்லை. 1953இல் அலாஸ்காவுக்குப் போய், அங்கே விமானங்களுக்கான வானொலித் தொடர்பு வேலையில் இறங்கினார். மலையும் தூரமும் அலையும் அங்கேயும் அவரை விடவில்லை. வால்சன் தம்பதியின் கடை பெரிய கேபிள் நிறுவனமாக வளர்ந்தது. 1972 நவம்பர் 8 அன்று எச்.பி.ஓ. என்ற புதிய கட்டணச் சேனல் தன் முதல் நிகழ்ச்சிகளை அனுப்பியது சர்வீஸ் எலெக்ட்ரிக்கின் வில்க்ஸ்-பாரி ஊர்க் கேபிளில்தான். அன்று அதைப் பெற்றவை 365 வீடுகள். அதில் காட்டிய முதல் திரைப்படம் ஓரிகன் கடற்கரையின் மரம்வெட்டிக் குடும்பம் ஒன்றின் கதை; அஸ்டோரியா இருக்கும் அதே கரை.